துணி காய்கிறது, ஈரம் எங்கே போகிறது? வீட்டு டிரையரைப் பாதுகாப்பாக வைப்பது எப்படி

ஆண்டு இறுதி வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "துணி காயவே மாட்டேங்குது." காலையில் வெயிலை நம்பிக் கொடியில் போட்டால் மதியத்திற்குள் மழை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை திங்கட்கிழமைக்குள் காய வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் மழை வரும்போது கொடியிலிருந்து துணி எடுக்க ஆளில்லை. அதனால் ஒரு காலத்தில் பணக்கார வீட்டுப் பொருளாக இருந்த டிரையர் இப்போது தெரஸ் வீட்டிலும் அடுக்குமாடியிலும், தோட்டத்தை விட்டு வந்து புதுத் தாமானில் குடியேறிய வீடுகளிலும் சலவை இயந்திரத்திற்குப் பக்கத்தில் நிற்கிறது.

வாங்கும்போது எத்தனை கிலோ, என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்கிறோம். "இதிலிருந்து வரும் சூட்டுக்காற்றும் ஈரமும் எங்கே போகும்?" என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீடு அது. குழந்தை பிறந்த சமயம், நவம்பர் மாதம். நாளுக்கு இரண்டு முறை துணி துவைக்க வேண்டியிருந்ததால் டிரையர் வாங்கினார்கள். கடையிலிருந்து கொண்டு வந்த பையன்கள் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான் அறையில் அதை வைத்தார்கள். "குழாயை வெளியே விட்டால் நல்லதுக்கா, விடாவிட்டாலும் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஓடத்தான் செய்தது. இரண்டு மாதத்தில் அந்த அறையின் சுவர் கறுத்தது. சாயம் உரிந்தது. குழந்தைக்கு இரவு இருமல். "மழைக்காலம்னா இப்படித்தான் தம்பி" என்றார் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் டிரையரை முன்னால் இழுத்துப் பார்த்தோம். பின்னால் இருந்த குழாய் சுவருக்கும் இயந்திரத்திற்கும் நடுவில் நசுங்கி அப்பளம் போல இருந்தது. அதன் வாய் பழைய துணி மூட்டைக்குள் கிடந்தது. குழாயை உதறினால் தலையணைப் பஞ்சு போல இரண்டு கை நிறையப் பஞ்சுத்தூசி. அதற்கு ஒரு சாண் தூரத்தில் சூடேறும் கம்பி. அத்தான் முகம் வெளுத்துப் போனது. "இத்தனை நாளும் இதை ஓடவிட்டுட்டுத் தூங்கியிருக்கோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் தீ பிடிக்கவில்லை. அது நல்ல காலம். நல்ல காலத்தை மட்டும் நம்பாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சலவைக்கு மூன்று லிட்டர்

ஐந்து கிலோ காய்ந்த துணியைத் துவைத்து நன்றாகப் பிழிந்த பிறகும், அதில் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். பிழியும் வேகம் குறைந்த இயந்திரமாக இருந்தால் இன்னும் கூடுதல். டிரையர் அந்தத் தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவியானது மறைந்து போவதில்லை, எங்காவது போய்த் தங்க வேண்டும். வெளியே போக வழியில்லை என்றால் ஒவ்வொரு சலவைக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் புட்டி இரண்டை அறையின் சுவரிலும் சீலிங்கிலும் ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

குளிர் நாட்டில் காற்று வறண்டிருப்பதால் ஓரளவு ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றோ ஏற்கெனவே ஈரம் குடித்த காற்று. மழைக்காலத்தில் அதற்கு மேல் குடிக்க அதனால் முடியாது. அதனால்தான் சுவர் வியர்க்கிறது, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் படர்கிறது, மரக்கதவு உப்புகிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமா தொல்லையும் கூடுதலாக இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டியில் குறிப்பிட்டிருக்கிறது. கைக்குழந்தையும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஈரத்தோடு வெளியே வரும் இன்னொன்று பஞ்சுத்தூசி. துணி உருளும்போது நூலிழைகள் உரசி உதிர்கின்றன. இயந்திரத்தில் உள்ள ஃபில்டர் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். எல்லாவற்றையும் பிடிக்காது. மீதி குழாய்க்குள்ளும் இயந்திரத்தின் அடியிலும் படியும். காய்ந்த பஞ்சு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது கார்த்திகை விளக்குக்குத் திரி திரித்தவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தீச் சம்பவங்களை ஆராய்ந்தது. அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீச் சம்பவங்கள் பதிவானதாக அது கணக்கிட்டது. அவற்றுக்கு முதன்மைக் காரணமாகக் கண்டது சுத்தம் செய்யாததைத்தான். பங்கு 34 விழுக்காடு. இது நம் நாட்டுக் கணக்கு அல்ல. ஆனால் பஞ்சுக்கும் நெருப்புக்கும் நாடு தெரியாது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

முதலில் உங்கள் டிரையர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வகைக்கு ஏற்றபடிதான் காற்றோட்ட ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதல் வகை, சூட்டுக்காற்றை வெளியே தள்ளும் மின்சார டிரையர். விலை குறைவு. பின்னாலோ பக்கத்திலோ வட்டமான ஒரு வாய் இருக்கும். குழாய் மாட்டிச் சுவருக்கு வெளியே விட வேண்டியது இதுதான். சுவரில் மாட்டும் சிறிய டிரையர்கள் சில, குழாயே இல்லாமல் நேராக அறைக்குள் ஊதும். அவற்றைத் திறந்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இரண்டாம் வகை, ஈரத்தை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் டிரையர். தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும், அல்லது சிறு குழாய் வழியாக வடியும். வெளியே காற்றுக்குழாய் தேவையில்லை. ஆனால் சூட்டை அறைக்குள்தான் விடும். சன்னல் இல்லாத அறையில் வைத்தால் அறை அடுப்பாகிவிடும், காய்வதும் தாமதமாகும்.

மூன்றாம் வகை, ஹீட் பம்ப் டிரையர். ஏர்கண்டிஷன் வேலை செய்யும் அதே முறை. சூடு குறைவு, மின்சாரமும் குறைவு. ஏழு எட்டு கிலோ துணிக்கு முதல் வகை சுமார் நான்கு யூனிட் இழுத்தால், இது அதில் பாதி அல்லது அதற்கும் குறைவாக இழுக்கும். விலை கூடுதல், நேரமும் சற்றுக் கூடுதல். வெளியே குழாய் விட வழியில்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு இதுவே பொருத்தம்.

நான்காம் வகை, கேஸில் ஓடும் டிரையர். சுயசேவை டோபி கடைகளில் நாம் பார்க்கும் பெரிய டிரையர்கள் பல இந்த வகைதான். சில வீடுகளிலும், வீட்டிலேயே சலவைத் தொழில் செய்பவர்களிடமும் இது உண்டு. இதற்கு விதி மிகக் கடுமையானது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

குழாய் போடும் முறை

முதல் வகை டிரையர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு சுவரைத் தாண்டினால் வெளியே என்று இருந்தால் மிகச் சிறப்பு. ஒவ்வொரு வளைவும் காற்றின் வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்த இடத்தில் பஞ்சு படியும். அமெரிக்கக் கட்டட விதிகள், நான்கு அங்குலக் குழாய்க்கு 35 அடி நீளத்தை எல்லையாக வைத்து, நேர்கோணமாக வளையும் ஒவ்வோர் இடத்துக்கும் 5 அடியைக் கழிக்கச் சொல்கின்றன. நம் வீட்டுச் சிறிய இயந்திரங்களின் காற்றாடிக்கு அவ்வளவு பலம் இருக்காது. கையேட்டில் போட்டிருக்கும் நீளமே உங்களுக்கு எல்லை.

உலோகக் குழாய் போடுங்கள். உள்பக்கம் வழவழப்பான, சுமார் 100 மில்லிமீட்டர் அகலமுள்ள அலுமினிய அல்லது துத்தநாகம் பூசிய குழாய் சிறந்தது. மெல்லிய பிளாஸ்டிக் சுருள் குழாய் மடிப்பு மடிப்பாக இருப்பதால் பஞ்சைப் பிடித்து வைக்கும். தீ பிடித்தால் அதுவும் உருகி எரியும். இயந்திரத்தோடு வந்த சுருள் குழாயைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், அதைக் குட்டையாக வெட்டி, இழுத்து நேராக்கி, கண்ணில் படும்படி வையுங்கள். சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் அதை ஒருபோதும் விடாதீர்கள்.

இணைப்பில் ஆணி வேண்டாம். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனை பஞ்சை மாட்டி வைக்கும் கொக்கி. உலோகக் கிளிப்பும் அலுமினிய டேப்பும் போதும். ஒரு குழாய்க்குள் இன்னொன்றைச் செருகும்போது, காற்று போகும் திசையில் செருகுங்கள். எதிர்த்திசையில் செருகினால் அந்த விளிம்பில் பஞ்சு தங்கும். குழாய் வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது.

வெளிவாயில் தானே திறந்து மூடும் மூடி போடுங்கள். காற்று வரும்போது திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். பல்லி, எலி உள்ளே வராது, மைனா கூடு கட்டாது. "பூச்சி வருமே" என்று பலர் கொசு வலையைக் கட்டிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. சில வாரங்களில் அந்த வலையில் பஞ்சு படிந்து, போர்வை போல வாயை அடைத்துவிடும். பழைய காலுறையை மாட்டுவதும் அதே தவறுதான்.

இயந்திரத்தை ஒரேயடியாகச் சுவரோடு தள்ளாதீர்கள். அக்கா வீட்டில் நடந்தது அதுதான். குழாய் நசுங்காத அளவு இடம் விடுங்கள். தள்ளிய பிறகு டார்ச் அடித்துப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.

உள்ளே வரவும் காற்று வேண்டும். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக அறைக்குள் காற்று நுழைய வேண்டும். சிறிய அறையின் கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டால் இயந்திரம் மூச்சுத் திணறும். சன்னலைத் திறந்து வையுங்கள் அல்லது கதவின் அடியில் காற்றுத் துவாரம் வையுங்கள். அதே இடத்தில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். டிரையர் காற்றை இழுக்கும் வேகத்தில், ஹீட்டரின் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பக்கூடும்.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

தெரஸ் வீடுகளின் நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்டிருக்கும் திறந்த வெளியில் டிரையரை வைப்பது வழக்கம். மேலே திறந்திருக்கும் வரை பரவாயில்லை. திருடனுக்கும் மழைக்கும் பயந்து அதன் மேல் பிளாஸ்டிக் கூரை போட்டுவிட்ட பிறகு அது திறந்த வெளி அல்ல, இன்னோர் அறை. அங்கே ஊதும் ஈரம் மேல்மாடிப் படுக்கை அறைச் சன்னல் வழியாக உள்ளேதான் வரும். கூரையின் ஓரத்தில் காற்று போக நல்ல இடைவெளி விடுங்கள், அல்லது குழாயைப் பின்சந்துப் பக்கம் கொண்டுபோங்கள்.

குழாயைச் சீலிங்குக்குள் விட்டுவிட்டு "வெளியே விட்டாச்சு" என்பது அடுத்த தவறு. சீலிங்குக்கு மேலே மின்கம்பிகள் ஓடுகின்றன, மரச்சட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஈரமும் பஞ்சும் சேர்ந்தால், ஒன்று மரம் உளுக்கும், இல்லையேல் ஒரு பொறி போதும்.

பின்கட்டுச் சமையலறையில் டிரையருக்குப் பக்கத்தில் கேஸ் தோம்பு வைப்பதும் பல வீடுகளில் உண்டு. சூட்டுக்காற்று தோம்பின் மீதோ ரப்பர் குழாயின் மீதோ படக்கூடாது. ஏதாவது கசிந்தால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். டிரையரின் மின்பொறி பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெளிச்சுவரில் துளை போடுவதற்கு முன் நிர்வாகத்திடம் கேளுங்கள். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வெளிச்சுவரை அனுமதியின்றித் தொடக்கூடாது. இரும்புக் கதவு போட்ட வீட்டுப் பாதுகாப்பு அறையைச் சாமான் அறையாக்கி அதற்குள் டிரையரை ஓடவிடுவதும் கூடாது. அது காற்றோட்டத்துக்காகக் கட்டிய அறை அல்ல. பொது நடைவழியில் சூட்டுக்காற்றை விட்டால் பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்புதான் மிஞ்சும். இத்தகைய வீடுகளுக்குக் கண்டென்சர் அல்லது ஹீட் பம்ப் வகையே சண்டையில்லாத வழி.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துளையிட்ட பலகையைப் பொருத்திக் குழாயை விடலாம். வீடு மாறும்போது பலகையைக் கழற்றிக் கண்ணாடியை மறுபடியும் மாட்டிவிடலாம். சுவருக்குச் சேதமில்லை.

கேஸ் டிரையர் என்றால் வெளியே விடுவது கட்டாயம்

மின்சார டிரையரின் காற்றை அறைக்குள் விட்டால் சுவர் கெடும். கேஸ் டிரையரின் காற்றை அறைக்குள் விட்டால் உயிர் போகலாம். கேஸ் எரியும்போது காற்றோட்டம் போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால், பிராணவாயுவைச் சுமக்க வேண்டிய இரத்தத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் சரியானால் உடனே சந்தேகப்படுங்கள். டிரையரை நிறுத்தி, எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய், உதவிக்கு அழையுங்கள். தூக்கத்தில் இருப்பவருக்கு அறிகுறியே தெரியாது. அதுதான் இதன் ஆபத்து.

கேஸ் இணைப்பையும் குழாயையும் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும். மலேசியாவில் கேஸ் வேலை செய்பவர்கள் எரிசக்தி ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கி மாட்டுங்கள். வீட்டில் சலவைத் தொழில் செய்பவர்கள் இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எண்ணெய் பட்ட துணி

இது நம் வீடுகளுக்கு மிக முக்கியம். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். சாமி விளக்குத் துடைத்த துணி, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத் துடைத்த துண்டு, அடுப்படித் துணி என்று எண்ணெய் ஊறிய துணிகள் நம்மிடம் நிறைய. ஒருமுறை துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை.

இப்படிப்பட்ட துணியைச் சூடாக்கினால், எண்ணெய் காற்றோடு கலந்து மெல்ல மெல்லத் தானாகவே சூட்டை உண்டாக்கும். சூடான துணியை மடித்துக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். டிரையரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துக்கூட, கூடைக்குள் இருக்கும் துணி தானே பற்றிக்கொள்ளலாம். உடம்புபிடி நிலையங்களின் துண்டுகள் இப்படி எரிந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.

ஆகவே எண்ணெய் பட்ட துணியை டிரையரில் போடாதீர்கள். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போடுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களின் கிரீஸ் பட்ட சட்டை, புல் வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் சிந்திய காற்சட்டை, தின்னர் பட்ட துணி ஆகியவற்றுக்கும் இதே விதி. மருந்து தெளித்த உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். ரப்பர் அடிப்பாகம் கொண்ட கால்மிதி, நுரைப்பஞ்சுத் தலையணை ஆகியவையும் டிரையருக்கு ஆகாதவை. போடுவதற்கு முன் எல்லாப் பைகளையும் தடவிப் பாருங்கள். லைட்டரோ பவர் பேங்கோ உள்ளே போனால் வெடிக்கலாம்.

காய்ந்து முடிந்ததும் கடைசிச் சில நிமிடங்கள் இயந்திரம் சூடில்லாமல் சுற்றும். துணி ஆறுவதற்காகத்தான் அது. அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமானால், துணியை உடனே வெளியே எடுத்துப் பரப்பி ஆறவிடுங்கள். இது டோபி கடைக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும். சூட்டோடு துணியைப் பைக்குள் அமுக்கிக் காரில் வைக்கக்கூடாது.

மின்சாரம்

சாதாரண வீட்டு டிரையர் 2,000 முதல் 2,700 வாட் வரை இழுக்கும். 2,400 வாட் என்று வைத்துக்கொண்டால், 240 வோல்ட்டில் 10 ஆம்பியர். நம் சாக்கெட்டின் எல்லை 13 ஆம்பியர். அதே எக்ஸ்டென்ஷன் வயரில் 2,000 வாட் மின்கேத்தலையும் சொருகினால் மொத்தம் 18 ஆம்பியரைத் தாண்டுகிறது. வயர் சூடாகி உறை உருகுவது இப்படித்தான்.

டிரையரை எக்ஸ்டென்ஷனிலோ பல துளை அடாப்டரிலோ சொருகாமல், சுவர்ச் சாக்கெட்டில் தனியாகச் சொருகுங்கள். பிளக் மாற்ற வேண்டியிருந்தால் சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடாக இருந்தாலோ, பழுப்பாக நிறம் மாறியிருந்தாலோ, இயந்திரத்தை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடிக்கடி டிரிப் ஆனால் மறுபடி மறுபடி சுவிட்சைத் தூக்கிவிடாதீர்கள். ஏதோ கோளாறு என்று அது சொல்கிறது.

சுத்தம் செய்யும் கணக்கு

ஒவ்வொரு முறையும்: ஃபில்டரில் உள்ள பஞ்சை எடுங்கள். ஒரு நிமிட வேலை. ஃபில்டர் கிழிந்திருந்தால் மாற்றும் வரை ஓட்டாதீர்கள்.

மாதம் ஒருமுறை: ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். வாசனைத் திரவம் அதிகம் போடும் வீடுகளில் ஃபில்டர் வலையில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். குழாய்த் தண்ணீரை அதன் மேல் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கினால் காற்றும் இறங்காது. கண்டென்சர் வகையாக இருந்தால் அதன் தகட்டுப் பகுதியையும் கையேட்டில் உள்ளபடி சுத்தம் செய்யுங்கள். வெளிவாயில் கை வைத்துக் காற்று பலமாக வருகிறதா, மூடி நன்றாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தை முன்னால் இழுங்கள். கேஸ் டிரையரை மட்டும் நீங்களே இழுக்காமல், கேஸ் ஆளைக் கூப்பிடுங்கள். குழாயைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பின்பக்கமும் தரையும் கூட்டுங்கள். தீபாவளிக்கு வீடு கழுவும்போது ஒருமுறை, அதற்கு ஆறு மாதம் கழித்து ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

எச்சரிக்கை அறிகுறிகள்

முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது இப்போது இரண்டு மணி நேரம் பிடிக்கிறதா? துணி கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்தும் ஈரம் போகவில்லையா? இயந்திரத்தின் மேல்பகுதி தொட முடியாத சூடா? அறைச் சன்னலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா? தீய்ந்த வாடை வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காற்று சரியாக வெளியேறவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி, குழாயைப் பாருங்கள்.

எல்லாரும் தூங்கும்போதும், வீட்டில் ஆளில்லாதபோதும் டிரையரை ஓடவிடாதீர்கள். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் பெருந்தீ பரவி, பல மாடிகள் பாதிக்கப்பட்டன. ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பழுதான டிரையரிலிருந்தே அது தொடங்கியதாக விசாரணையில் தெரியவந்தது. அப்போது வீட்டில் ஆள் இருந்ததால் உடனே வெளியேற முடிந்தது.

தீ பிடித்துவிட்டால் டிரையரின் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று உள்ளே போய்த் தீ பெரிதாகும். கை எட்டினால் சுவர் சுவிட்சை, அல்லது வீட்டின் பிரதான சுவிட்சை அணையுங்கள். ஓடும் மின்சாரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியே கொண்டுபோங்கள். பிறகு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். நகைப்பெட்டிக்காக மறுபடி உள்ளே ஓடாதீர்கள்.

வெயில் இருக்கும்போது வெயில்

டிரையர் வந்துவிட்டது என்பதற்காகக் கொடியைக் கழற்ற வேண்டியதில்லை. வெயில் அடித்தால் கொடிதான் முதல் வழி. மழைநாளில், சலவை இயந்திரத்தில் இரண்டாவது முறை பிழிந்துவிட்டு டிரையரில் போட்டால் நேரமும் மின்சாரமும் மிச்சம். மின்விசிறிக்குக் கீழே பாதி காயவைத்துவிட்டு, கடைசி இருபது நிமிடம் மட்டும் டிரையரில் போடுவதும் நல்ல வழி. இயந்திரம் எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ அவ்வளவு குறைவாகப் பஞ்சு சேரும்.

அக்கா வீட்டு டிரையர் இப்போது பின்சுவரை ஒட்டி நிற்கிறது. ஒரு துளை, ஒரு முழத்துக்கும் குறைவான அலுமினியக் குழாய், வெளியே ஒரு மூடி. அத்தானும் ஒரு கொத்தனார் அண்ணனும் சேர்ந்து அரைநாளில் முடித்துவிட்டார்கள். இரண்டரை மணி நேரம் பிடித்த துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது. படிக்கட்டு அடிச் சுவரைச் சுரண்டிக் காயவிட்டுச் சாயம் அடித்தார்கள், அதன் பிறகு கறுப்பு வரவில்லை. குழந்தையின் இருமல் அந்த ஈரத்தால் மட்டும்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் இப்போது அந்த அறைக்குள் போனால் பழைய ஈர வாடை இல்லை.

இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டு டிரையருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் டிரையர் இருந்தால், அடுத்த முறை போகும்போது அவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள். கனமான இயந்திரத்தை அவர்களால் தனியாக இழுத்துப் பார்க்க முடியாது.